டிக்கெட் காசு வேறு, வசூல் காசு வேறு

நூறு ரூபாய்த் தாள்தான் அப்போது நாட்டிலேயே பெரிய தாள். ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாய் நோட்டுகள் 1978-இல் செல்லாமல் போயின. ஐந்நூறு ரூபாய் நோட்டு 1987-இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் மொத்த வியாபாரம் முழுவதும் நூறு ரூபாய்க் கட்டுகளில் நடந்தது. ஒரு கட்டுக்கு நூறு தாள், பத்தாயிரம் ரூபாய். ஐம்பதாயிரம் வசூலானால் ஐந்து கட்டு. சட்டைப் பையில் அடங்காது, வேட்டி மடியிலும் நிற்காது. அந்த ஐந்து கட்டையும் கூட்டம் பிதுங்கும் பஸ்களில் ஏறி இறங்கி, ஒரு தாள் குறையாமல் விருதுநகரில் முதலாளியின் மேஜைமேல் வைப்பதுதான் நான் பார்த்த முதல் உத்தியோகம்.

எங்களுடையது பருப்பும் மிளகாய் வத்தலும் விற்கும் கமிஷன் கடை. சரக்கு லாரியில் போய்விடும், பணம் கடனாக நிற்கும். பாக்கிச் சிட்டையை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பணத்தை வாங்கி வருபவன் வசூல் ஆள். மேற்கே சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் ஒரு லைன். தெற்கே சாத்தூர், கோவில்பட்டி, திருநெல்வேலி இன்னொரு லைன். செக் வாங்கினால் என்ன என்று இன்றைய பிள்ளைகள் கேட்கலாம். வெளியூர்ச் செக் பணமாகி வர நாளாகும். டிராஃப்ட் எடுக்கலாம் என்றால் வங்கி பகலிலேயே கவுன்டரை மூடிவிடும். கடைக்காரரோ சாயங்கால வியாபாரம் முடிந்து கல்லாவை எண்ணிப் பார்த்த பிறகுதான் கொடுப்பார். ஆக, ராத்திரி பஸ்ஸில் ரொக்கத்தோடு வருவதைத் தவிர வேறு வழி கிடையாது.

என்னைத் தனியாக லைனுக்கு அனுப்பும் முன்பு, கடையின் மூத்த வசூல் ஆளோடு சேர்த்துவிட்டார்கள். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. குட்டையான உருவம், நரைத்த மீசை, சாயம்போன சட்டை. அவரைப் பார்த்தால் வசூலுக்கு வந்தவர் என்று தோன்றாது, கடன் கேட்க வந்தவர் என்றுதான் தோன்றும். அது தற்செயல் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அந்தக் காலத்தில் பணம் கொண்டுபோக ஊருக்குத் தெரிந்த வழி பச்சை பெல்ட். அகலமான பெல்ட், அதில் பொத்தான் வைத்த பை, அதை வேட்டிக்கு மேல் இறுக்கிக் கட்டுவார்கள். மாட்டு வியாபாரி, மில்லுக்குப் பஞ்சு கொண்டுபோகிறவர், சந்தைக்குப் போகிறவர் எல்லோர் இடுப்பிலும் அது இருக்கும். அதற்கும் உள்ளே பட்டாபட்டி டிராயரில் ஒரு பை. நானும் அப்படி ஒன்று வாங்கலாமா என்று கேட்டேன். “எவன் இடுப்புல பணம் இருக்குன்னு அவனே பச்சைக் கலர்ல எழுதி வச்சுக்கிட்டுப் போற மாதிரில்ல அது” என்றார் அண்ணாச்சி. பெல்ட் கட்டியவர் சும்மா நிற்கவும் மாட்டார், நிமிடத்துக்கு ஒரு தடவை அதன்மேல் கையை வைத்துப் பார்த்துக்கொள்வார். தேடுகிறவனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

அவருடைய முறை வேறு. வசூலுக்குப் போகிறபோது மாதிரிப் பொட்டலங்களும் கொண்டுபோவோம். துவரம் பருப்பு, உளுந்து, பாசிப்பயறு, வத்தல் எல்லாம் கைப்பிடி அளவு காகிதத்தில் மடித்தது. ஒரு பழைய துணிப்பையின் அடியில் பணக்கட்டுகள், அவற்றின்மேல் ஓர் அழுக்குத் துண்டு, அதன்மேல் மாதிரிப் பொட்டலங்கள். பையைத் தொட்டுப் பார்த்தால் பருப்பு நறநறக்கும், முகர்ந்தால் வத்தல் நெடி மூக்கில் ஏறும். பையின் காதை இடது தோளில் மாட்டி, பையை முன்பக்கமாக அக்குளுக்கும் வயிற்றுக்கும் நடுவே வைத்துக்கொள்வார். பஸ்ஸில் சீட்டு கிடைத்தால் மடியில். மேலே சாமான் வைக்கும் கம்பித் தட்டில் ஒருநாளும் வைத்ததில்லை. தட்டில் வைத்த பையை யாரும் அறுக்க வேண்டியதில்லை. அதே மாதிரி இன்னொரு பையை வைத்துவிட்டு நம் பையை எடுத்துக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கினால் போதும்.

அவர் கற்றுத்தந்ததில் முக்கியமானது சட்டைப் பையைப் பற்றியது. மேல் பையில் போகவரத் தேவையான பஸ் சத்தம், டீ, சாப்பாடு, அவ்வளவுக்கு மட்டும் சில்லறை இருக்கும். “இது டிக்கெட் காசு. அது வசூல் காசு. ரெண்டும் ஒண்ணையொண்ணு பார்த்துக்கிடவே கூடாது” என்பார். டிக்கெட் காசு தீர்ந்துபோனால்? பசியோடு ஊர் வந்து சேர வேண்டியதுதான். பஸ்ஸுக்குள் வசூல் பையைத் திறப்பதற்கு எந்த அவசரமும் காரணம் ஆகாது. கண்டக்டர் முன்னால் ஒரு கட்டைப் பிரித்து நூறு ரூபாய்த் தாளை உருவுகிறவனை அந்த நிமிடமே பஸ்ஸில் பாதிப் பேர் பார்த்துவிடுகிறார்கள். அந்தப் பாதியில் ஒருவன் தொழில்காரனாக இருந்தால் போதும்.

பஸ் ஸ்டாண்டுகளில் ‘பிக்பாக்கெட் ஜாக்கிரதை’ என்று போலீஸ் எழுதி வைத்திருக்கும் பலகையை எல்லோரும் பார்த்திருப்போம். மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் அப்படி ஒரு பலகைக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி என்னிடம், “பலகையைப் பார்க்காதே, அதை வாசிக்கிறவனைப் பாரு” என்றார். வாசித்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் உடம்பில் ஓரிடத்தைத் தொட்டார்கள். ஒருவர் பின்பக்கப் பையை, ஒருவர் இடுப்பை, ஓர் அம்மாள் கழுத்தடியை. டீ ஆறுவதற்குள் யார் யார் எங்கே பணம் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கே தெரிந்துவிட்டது. பிறகு அவர் சொன்னார்: “பணம் எங்க இருக்குன்னு உன் மனசுக்குத் தெரிஞ்சாப் போதும் தம்பி. கைக்குத் தெரியக் கூடாது.” இதைப் பழகுவது எளிதல்ல. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பது சும்மா சொன்னதில்லை. பயம் வந்தால் கை தானாகப் போகும். பையை உடம்பில் படும்படி வைத்துவிட்டால், தொட்டுப் பார்க்காமலே அது இருப்பது தெரியும். முன்னால் வைக்கச் சொன்னதன் காரணம் அதுதான்.

பிக்பாக்கெட் என்றால் ஒருவன், அவனிடம் ஒரு பிளேடு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது குறைந்தது மூன்று பேர் செய்கிற வேலை. பஸ் வந்து நிற்கிறது, எல்லோரும் முண்டுகிறார்கள். உங்களுக்கு முன்னால் படியில் கால் வைத்தவன் சட்டென்று நிற்கிறான். செருப்பு கழன்றுவிட்டது என்பான், சில்லறை விழுந்துவிட்டது என்பான். பின்னால் இருப்பவன் உங்களை அவன்மேல் தள்ளுகிறான். உங்கள் கை இரண்டும் கம்பியைப் பிடித்திருக்கின்றன. அந்த நெருக்கலில் உங்கள்மேல் படுகிற பத்துக் கைகளில் ஒரு கை மட்டும் வேலை செய்கிறது. அந்தக் கையின்மேல் ஒரு துண்டு கிடக்கும், அல்லது மடித்த செய்தித்தாள் இருக்கும். எடுத்தது அடுத்த நொடியே மூன்றாவது ஆளிடம் போய்விடும், அவன் பஸ்ஸிலேயே ஏற மாட்டான். நீங்கள் சுதாரித்து, தொட்டவனைப் பிடித்துவிட்டாலும் அவனிடம் ஒன்றும் இருக்காது. “சோதனை போட்டுக்கங்க சார்” என்று அவன் தைரியமாகக் கையைத் தூக்கி நிற்பதற்குக் காரணம் இதுதான்.

ராபர்ட் பிரெஸ்ஸான் என்ற பிரெஞ்சு இயக்குநர் 1959-இல் எடுத்த ‘பிக்பாக்கெட்’ படத்தைப் பல வருடங்கள் கழித்து என் மகன் லேப்டாப்பில் போட்டுக் காட்டினான். பாரிஸில் ஒரு ரயில் நிலையம். ஒரு பர்ஸ் கை மாறி, கை மாறி, காலியாகி, சில சமயம் உரியவரின் கோட்டுக்குள்ளேயே திரும்பிப் போய்விடுகிறது. கசாகி என்ற கைவித்தைக்காரரை வைத்து அந்தக் காட்சிகளுக்குப் பயிற்சி கொடுத்து, அவரையே நடிக்கவும் வைத்திருக்கிறார்கள். மகன் வியந்துபோனான். எனக்குச் சாத்தூர் பஸ் ஸ்டாண்டு கண்முன் வந்தது.

நெருக்கல் இல்லாத இடத்தில் நெருக்கலை உண்டாக்குவது அவர்களுடைய அடுத்த வித்தை. ராஜபாளையத்தில் வசூல் முடித்துத் தனியாக நடந்து வந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த ஒருவர், வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, “தம்பி, முதுகெல்லாம் காக்கா எச்சம். அந்தா குழாய் இருக்கு, வாங்க கழுவிவிடுறேன்” என்று அன்பாகக் கையைப் பிடித்தார். முதுகில் ஈரம் தெரிந்தது. தலைக்குமேல் மரமும் இல்லை, கம்பியும் இல்லை. சட்டையைக் கழுவ வேண்டுமானால் பையைக் கீழே வைக்க வேண்டும். “வீட்டுல போய்த் துவைச்சுக்கிடுறேன் ஐயா” என்று சொல்லிவிட்டு, அந்த நாற்றத்தோடு அடுத்த கடைக்குப் போனேன். கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “கமிஷன் கடையில சோப்புக்கூடக் கொடுக்க மாட்டாங்களா?” என்று சிரித்தார். அதே வித்தைக்குப் பல வேஷங்கள் உண்டு. காலடியில் பத்து ரூபாய்த் தாள்களைச் சிதறவிட்டு, “சார், உங்க பணம் விழுந்திருக்கு” என்பார்கள். நாம் குனிவோம், பையை விடுவோம். கைக்குழந்தையை நம்மிடம் நீட்டிக் கொஞ்சம் பிடிக்கச் சொல்வார்கள். வங்கி வாசல்களில் இன்றைக்கும் இதுதான் நடக்கிறது. செய்தித்தாள்கள் ‘கவனத்தைத் திசைதிருப்பிப் பணம் அபேஸ்’ என்று எழுதுகிற எல்லாமே இந்த வகைதான். தெருவில் முன்பின் தெரியாதவர் நம் உடம்பின்மேலோ உடைமையின்மேலோ திடீரென்று அக்கறை காட்டினால், நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுவது நல்லது. அவர் உண்மையிலேயே நல்லவராக இருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

திருவிழா நாட்களில் முதலாளி வசூலுக்கே அனுப்ப மாட்டார். சங்கரன்கோவில் ஆடித்தபசு, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர், மதுரையில் அழகர் ஆற்றில் இறங்குகிற நாள், இந்த மூன்றும் எங்கள் நாட்காட்டியில் சிவப்பு. ஆனாலும் ஓர் ஆண்டு ஆடித்தபசைப் பார்க்கச் சும்மா போனேன். கோமதி அம்மனுக்குச் சுவாமி காட்சி கொடுக்கும் அந்த நேரத்துக்காக லட்சம் பேர் காத்திருக்கிறார்கள். விளைந்த பருத்தி, வத்தல், நெல் என்று கொண்டுவந்ததைச் சப்பரத்தின்மேல் வீசுகிறார்கள். காட்சி கிடைத்த நொடியில் எல்லோருடைய கண்ணும் ஒரே திசையில், எல்லோருடைய கையும் தலைக்குமேல். பக்திக்கு அது உச்சம். தொழில்காரர்களுக்கும் அதுதான் நேரம். கூட்டம் கலைந்த பிறகு வீதியோரத்தில் வெறும் பர்ஸுகள் கிடந்ததை நான் பார்த்தேன். அழகர் ஆற்றில் இறங்குவதும், திருவண்ணாமலையில் தீபம் தெரிவதும், தேர் நிலையிலிருந்து நகர்வதும் இதே கணக்குதான். அந்த இடத்துக்கு டிக்கெட் காசோடு மட்டும் போனால் இரண்டு கையையும் நிம்மதியாகத் தூக்கிக் கும்பிடலாம்.

என் அம்மாவுக்கு இந்தப் பாடம் எதுவும் தேவைப்படவில்லை. இடுப்பில் சுருக்குப் பை, அதில் வெற்றிலை பாக்கோடு சில்லறை. பெரிய நோட்டு இருந்தால் ரவிக்கைக்குள். திருவிழாவுக்குக் கிளம்பும்போது சங்கிலியை ரவிக்கையோடு சேர்த்து ஊக்குக் குத்தி, முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொள்வார். இன்று திருவிழாப் பாதுகாப்புக்கு வரும் போலீஸார் ஒலிபெருக்கியில் சொல்லுகிற அதே ஊக்குதான்.

இழந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ராஜபாளையத்திலிருந்து மதுரைக்குப் போகும் இரவு பஸ். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் ஒரு பெரியவர் எழுந்து நின்று அழ ஆரம்பித்துவிட்டார். மகளைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், கறவை மாட்டை விற்ற பணம், வேட்டி மடியில் வைத்திருந்தாராம். மடி பிளேடால் கிழிந்திருந்தது. பஸ்ஸுக்குள் ஒரே கூச்சல். “வண்டியை ஸ்டேஷனுக்கு விடுங்க! ஒருத்தனையும் இறக்கக் கூடாது!” கண்டக்டர் விசில் அடித்து வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். இரண்டு கதவுகளையும் அடைத்துவிட்டு, நிதானமாகப் பேசினார். “பெரியவர் ஊர்ல ஏறினதுக்கு அப்புறம் யாரும் இறங்கலை. பணம் வண்டிக்குள்ளதான் இருக்கு. இப்ப லைட்டை அணைக்கப் போறேன். எடுத்தவங்க கீழ போட்டுருங்க. நான் யாருன்னு கேட்க மாட்டேன். லைட்டைப் போட்டதும் பணம் இல்லைன்னா வண்டி நேரா போலீஸ் ஸ்டேஷன்தான்.” விளக்கு அணைந்தது. யாரும் மூச்சுவிடவில்லை. மறுபடி எரிந்தபோது நடுச் சீட்டின் அடியில் பழைய செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் கிடந்தது. பெரியவர் எண்ணிப் பார்த்தார், குறையவில்லை.

பஸ்ஸில் சிலருக்குத் திருப்தி இல்லை. திருடனைப் பிடிக்காமல் விட்டது எப்படி என்று மதுரை வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். எனக்கு அந்தக் கண்டக்டர்தான் சரி என்று பட்டது. ஸ்டேஷனுக்குப் போயிருந்தால் விடிய விடிய உட்கார்ந்திருக்க வேண்டும். பணம் கோர்ட்டு வழியாகக் கைக்கு வருவதற்குள் ஆஸ்பத்திரியில் என்ன ஆகியிருக்கும்? இப்போது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆவது பிரிவும் ஓரளவு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. திருட்டுக்கு மூன்று ஆண்டுவரை சிறை என்பது பழையபடியே இருக்கிறது. ஆனால் திருடியது ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் தடவை தண்டனை பெறுபவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவைதான் தண்டனை.

கூட்டத்தின் நீதி எப்படி இருக்கும் என்பதைப் பெரியார் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். “என் பர்ஸைக் காணோம்” என்று ஒருவர் கத்தினார். பக்கத்தில் அழுக்குக் கைலியோடு நின்ற ஒரு பையனைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் மூட்டை தூக்குகிறவன் என்று டீக்கடைக்காரர் சொல்லச் சொல்ல அடி விழுந்தது. வாயில் ரத்தம் வந்த பிறகு, பர்ஸை இழந்தவர் தன் கைப்பையைத் துழாவினார். பர்ஸ் அதற்குள்ளேயே இருந்தது. அடித்தவர்கள் அவரவர் பஸ்ஸைப் பார்க்கப் போய்விட்டார்கள். டீக்கடைக்காரர் மட்டும் அவனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

ஆளைப் பார்த்துத் திருடன் என்று முடிவு கட்டுவதற்கு நம் மண்ணில் சட்டமே இருந்தது. 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. பிறந்த சாதியைக் காரணமாக வைத்து மனிதர்களைக் கைரேகை வைக்கச் சொன்னது. உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் 1920-ஆம் ஆண்டு அதை எதிர்த்தவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் நீங்கியது, பழக்கம் நீங்கவில்லை. கூட்டத்தில் பணம் காணாமல் போனால் நம் கண் முதலில் போவது கிழிந்த சட்டைமேல்தான். நான் நேரில் பார்த்த தொழில்காரர்கள் ஒருவர்கூடக் கிழிந்த சட்டை போட்டிருக்கவில்லை. எல்லோரும் சந்தேகப்படும்படி இருந்தால் அவர்கள் எப்படிப் பிழைப்பது? காவலாக இருப்பது ஒன்று, பக்கத்தில் நிற்பவனைக் குற்றவாளி ஆக்குவது வேறொன்று. பணத்தைச் சரியான இடத்தில் வைத்தவனுக்கு யாரையும் முறைத்துப் பார்க்க வேண்டிய தேவை இருக்காது.

எங்கள் தெருவுக்குக் கடிதம் கொண்டுவந்த தபால்காரர் ஒருமுறை வேடிக்கையாக ஒன்று சொன்னார். பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையத்துப் பக்கத்துத் தபால் பெட்டிகளைத் திறந்தால் கடிதங்களோடு வெறும் பர்ஸுகளும் வந்து விழுமாம். பணத்தை எடுத்துக்கொண்டு மீதியை அதில் போட்டுவிடுவார்கள். குப்பையில் எறியாமல் அதில் போடுவதை ஒருவகைத் தொழில் தர்மம் என்று அவர் சொன்னார். ரேஷன் கார்டு, லைசென்ஸ் எதிலாவது முகவரி தெளிவாக இருந்தால் உரியவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு என் பர்ஸில் எப்போதும் முகவரி எழுதிய ஒரு சீட்டு உண்டு. அசல் ஆவணங்களை வீட்டில் வைத்துவிட்டு நகல்களை எடுத்துப்போவதும் அப்போதிருந்து பழக்கம்.

இரவு ரயிலில் வேறு கணக்கு. அங்கே நெருக்கல் கிடையாது, தூக்கம்தான் எதிரி. பையைத் தலைக்கு வைத்துக்கொண்டால் போதாது, அதன் காதை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ள வேண்டும். பெட்டியைச் சங்கிலி போட்டுக் கீழ்ப் படுக்கைக் கம்பியில் பூட்ட வேண்டும். ரயில் வெளி சிக்னலில் நிற்கும்போதும் நிலையத்தை விட்டு ஊர்ந்து கிளம்பும்போதும் ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் கழுத்தையும் கையையும் உள்ளே வைத்துக்கொள்வது அவசியம். ரயிலில் பொருள் போனால் பயணத்தை முறித்து இறங்கிப் புகார் கொடுக்க வேண்டும் என்று பலர் நினைத்து விட்டுவிடுகிறார்கள். தேவையில்லை. 139-க்கு அழைக்கலாம். டிக்கெட் பரிசோதகரிடமோ காவலுக்கு வரும் போலீஸாரிடமோ புகார்ப் படிவம் வாங்கி, பெட்டியிலேயே எழுதிக் கொடுக்கலாம்.

இப்போது வசூல் ஆள் என்ற வேலையே கிடையாது. 2016-இல் பெரிய நோட்டுகள் செல்லாமல் போனதும், அதே ஆண்டில் யுபிஐ வந்ததும் சேர்ந்து அதை முடித்துவைத்தன. ராஜபாளையத்துக் கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்தபடியே விருதுநகருக்குப் பணத்தை அனுப்பிவிடுகிறார். பர்ஸில் என் மகன் நூறு ரூபாய்கூட வைத்துக்கொள்வதில்லை. பிக்பாக்கெட் பயமே ஒழிந்தது என்கிறான்.

நான் அப்படி நினைக்கவில்லை. அவன் சென்னையில் மின்சார ரயிலில் போகும்போது கவனித்தேன். வங்கிக் கணக்கு, சேமிப்பு, சம்பளம், ஆதார், வீட்டாரின் எண்கள் எல்லாம் ஒரு செல்போனில். அந்தச் செல்போன் கதவோரத்தில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும் கையில், டீக்குப் பத்து ரூபாய் கொடுக்கும்போதும் கையில். ரயில் மெதுவாகப் போகும் இடங்களில் தண்டவாளத்தோரம் கம்போடு நின்று கையைத் தட்டிவிட்டுக் கீழே விழும் போனை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். போன் போவதோடு நிற்காமல், அதைப் பிடிக்கப் பாய்ந்து விழுந்து உயிரையே விட்டவர்களும் உண்டு. அண்ணாச்சி ஒன்றையொன்று பார்க்கவே கூடாது என்று சொன்ன இரண்டு பணத்தையும் நாம் ஒரே பையில் போட்டு, அந்தப் பையையும் ஊர் பார்க்கக் கையில் பிடித்திருக்கிறோம்.

ஆகவே நாங்கள் வீட்டில் பழைய ஏற்பாட்டுக்கே திரும்பியிருக்கிறோம். யுபிஐக்கென்று தனியாக ஒரு சின்ன வங்கிக் கணக்கு. அதில் வாரச் செலவுக்கான தொகை மட்டும். சம்பளமும் சேமிப்பும் இருக்கும் கணக்கை எந்தப் பணச் செயலியிலும் இணைப்பதில்லை. போன் திறப்பதற்கு ஓர் எண், பணம் அனுப்புவதற்கு வேறோர் எண். பிறந்த வருடம் இரண்டுக்கும் கிடையாது. சிம் கார்டுக்கும் பின் எண் போட்டிருக்கிறோம், எடுத்தவன் அதைக் கழற்றி வேறு போனில் போட்டு ஓடிபி வாங்க முடியாது. பூட்டிய திரைமேல் குறுஞ்செய்தி தெரியாதபடி நிறுத்திவைத்தாயிற்று. பயணத்தில் நூறு, ஐம்பது ரூபாய்த் தாள்களில் கொஞ்சம் ரொக்கம் சட்டைப் பையில். கூட்டத்தில் போனை எடுப்பதில்லை. ஏறும்போது முன்பக்கப் பையில், உட்கார்ந்த பிறகுதான் கையில்.

போன பிறகு செய்ய வேண்டியதற்கும் வரிசை உண்டு. முதலில் பக்கத்தில் இருப்பவரின் போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கையும் கார்டையும் நிறுத்த வேண்டும். அடுத்து சிம்மை முடக்க வேண்டும். பணம் போய்விட்டது தெரிந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும். பிறகு போலீஸில் புகார். சம்பவம் நடந்த இடம் எந்த ஸ்டேஷன் எல்லை என்று அலைய வேண்டியதில்லை, எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது இப்போது சட்டம். அந்தப் புகார் நகலோடு, 2023-இல் நாடு முழுவதுக்கும் திறந்துவிடப்பட்ட மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனையே முடக்கலாம். எந்த சிம்மைப் போட்டாலும் அது வேலை செய்யாது. அதற்கு ஐஎம்இஐ எண் வேண்டும். போனில் *#06# என்று அழுத்தினால் அந்தப் பதினைந்து இலக்க எண் தெரியும். போன் கையில் இருக்கும்போதுதான் தெரியும் என்பதால் இப்போதே எழுதி வைக்க வேண்டும்.

அடுத்த முறை ஊருக்குக் கிளம்பும்போது ஒரு தாளில் அந்த எண்ணையும், வங்கியின் எண்ணையும், வீட்டார் இருவருடைய எண்களையும் எழுதி, ஒரு நகலை வீட்டிலும் இன்னொன்றைப் பையின் அடியிலும் வையுங்கள். செலவுப் பணத்தையும் மற்ற பணத்தையும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே பிரித்து வையுங்கள். பத்து நிமிட வேலை. பஸ் ஸ்டாண்டுக்கு வந்த பிறகு அதைச் செய்யக் கூடாது, அங்கே பார்த்துக்கொண்டிருக்க ஆள் இருக்கிறது.